கருவாட்டு வாடையை எப்படிப் படமாக்குவது? 5 நிமிடக் காமெடிக் குறும்படத்துக்கு ஆலோசனை தேவை

மாடிப்படி:

வணக்கம் நண்பர்களே. 5 நிமிடக் காமெடிக் குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் தயார். ஒரே ஹால், மூன்றே பேர்: வீட்டு ஓனர், வாடகைக்கு வீடு கேட்டு வரும் பையன், ஈஸி சேரில் உட்கார்ந்திருக்கும் ஓனரின் அம்மா. பாட்டிக்கு வசனம் கிடையாது.

கதை இதுதான். வாசலில் 'சைவம் மட்டும்' என்று போர்டு. ஊரிலிருந்து பஸ் இறங்கி நேராக வந்த பையனின் பைக்குள் அவன் அம்மா கட்டிக்கொடுத்த கருவாடு. பேச்சின் நடுவே ஓனருக்கு ஏதோ வாடை வருகிறது, வீடு முழுக்கத் தேடுகிறார். கடைசியில் பை திறக்கிறது, உள்ளே கருவாடு. ஓனரும் ரகசியமாகக் கருவாடு சாப்பிடுகிறவர் என்று முடிகிறது. படத்தின் பெயர் 'கருவாடு'.

தாளில் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். ஒத்திகையை போனில் எடுத்துப் பெயர் போடாமல் காட்டினால் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியவேண்டியவை:

1. கோளாறு எழுத்திலா, எடுப்பதிலா?
2. கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு ட்ரைபாட். வேறு என்ன அவசியம்?
3. இதையே நகைச்சுவைச் சிறுகதையாகவும் எழுத ஆசை. வசனத்தை அப்படியே கதைக்குக் கொண்டுபோகலாமா?

பேப்பர்கட்டு:

எழுத்தில்தான். அதுவும் ஜோக்கில் இல்லை, தகவல் போகும் நேரத்தில்.

இப்போதைய வடிவத்தில் பைக்குள் என்ன இருக்கிறது என்று பையனுக்கு மட்டும்தான் தெரியும். ஓனருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. ஆகவே பார்ப்பவர் நாலரை நிமிடம் ஓனரோடு சேர்ந்து துப்பறிந்துகொண்டிருப்பார். துப்பறிகிறவனுக்குச் சிரிக்க நேரம் ஏது? தாளில் படித்தவர்கள் சிரித்ததற்குக் காரணம், முதல் வரியிலேயே 'கருவாடு' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டார்கள். பெயர் போடாமல் காட்டியதும் அது போய்விட்டது.

முதல் 20 விநாடிக்குள் காட்டிவிடுங்கள், வசனமே வேண்டாம். கேட்டுக்கு வெளியே பையன் பையைத் திறந்து மோந்து பார்க்கிறான், முகம் கோணுகிறது. பொட்டலத்தின் மேல் இன்னொரு கேரி பேக்கைச் சுற்றுகிறான். நிமிர்ந்தால் போர்டு. மூன்று ஷாட். இதற்குப் பிறகு ஓனர் மூக்கை உறிஞ்சுகிற ஒவ்வொரு முறையும் சிரிப்புக்கு வாய்ப்பு. கடைசிவரை ஒளித்தால் ஒரே ஒரு சிரிப்பு, அதுவும் கிடைத்தால்.

அடுத்தது வாடை. வாடையைக் கேமரா பார்க்காது. வாடையால் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கும். 'ஏதோ வாடை வருதே' என்ற வசனம் ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது. அதற்குப் பதில் செய்கை: ஓனர் ஒரு ஊதுபத்தி ஏற்றுகிறார், ஐந்து நிமிடத்தில் அது நாலு ஊதுபத்தி ஆகிறது. வெளியே பூனை கத்துகிறது. பூனையைக் காட்டவே வேண்டாம், சத்தம் போதும். முதலில் ஒரு பூனை, பிறகு மூன்று.

எல்லாவற்றையும்விட உங்களுக்கு வசதியானது ஃபேன். ஃபேன் சுற்றினால் வாடை பரவும், அதனால் பையன் அதை அணைக்கப் பார்க்கிறான். மே மாதம், நட்டநடு மத்தியானம். 'ஃபேன் வேணாம் சார், எனக்குச் சளி பிடிச்சுக்கும்.' ஓனர் வியர்த்துக்கொண்டே போய்ப் போடுகிறார், இவன் எழுந்துபோய் அணைக்கிறான். மூன்றாவது முறை ரெகுலேட்டரே கையோடு வந்துவிடலாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, ஒலிப்பதிவு பற்றி எழுதுகிறவர் சொல்வார்.

ஒரே வகைச் செய்கையை மூன்று முறைக்கு மேல் இழுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பையனுக்கு நஷ்டம் கூடவேண்டும். முதல் பொய்க்கு ஒன்றும் செலவில்லை. இரண்டாவது பொய்க்கு அட்வான்ஸ் ஒரு மாதம் கூடுகிறது. மூன்றாவதில் 'தினமும் காலை 5 மணிக்குக் கோலம் போடணும்' என்பதற்கும் தலையாட்டுகிறான்.

வசனத்தில் ஒரு நுட்பம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். அதனால் சிரிப்பு வரவேண்டிய சொல் நடுவில் புதைந்து, வாக்கியம் 'மாட்டோம்', 'இருக்கிறது' என்று சப்பென்று முடியும். 'நாங்க கேக் வந்த டப்பாவைக்கூட வீட்டுக்குள்ள விடமாட்டோம்' என்று எழுதினால் டப்பா தொலைந்துபோகும். பேச்சுத்தமிழில் வாக்கியத்தை உடைக்கலாம்: 'எங்க வீட்டுக்குள்ள முட்டை வராது. கேக்கு வராது. கேக்கு வந்த டப்பாகூட.' கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஓனர் ஒரு எழுத்துகூடப் பேசக்கூடாது. 'புரியுதா தம்பி?' என்று நடிகர் சொந்தமாகச் சேர்ப்பார், நிச்சயம் சேர்ப்பார். அடித்துவிடுங்கள்.

முடிவு பற்றி: ஓனரும் கருவாடு சாப்பிடுவார் என்பதை இரண்டாவது நிமிடத்திலேயே எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். படம் முழுக்க வாயே திறக்காத ஒருவர் ஈஸி சேரில் இருக்கிறாரே, அவரை ஏன் சும்மா விடுகிறீர்கள்? பை திறந்ததும் ஓனர் கத்தத் தொடங்குகிறார். பாட்டி கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்: 'நெத்திலியா, வாளையா?' வாடையிலேயே ரகம் பிரிக்கத் தெரிந்தவர் என்பது அந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். பதிலே வேண்டாம்.

ரூம்டோன்:

ஃபேன் யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எடுக்கும் குறும்படங்களில் பாதி, ஃபேன் சத்தத்தில்தான் சாகின்றன. அணைத்தால் 'ஏன் இந்த வெயிலில் ஃபேன் ஓடவில்லை' என்று உறுத்தும், நடிகர்களின் வியர்வையும் தெரியும். உங்கள் கதையில் இரண்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஃபேன் சுற்றும் ஷாட்களில் வசனம் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மங்கலான படத்தை மன்னிப்பார்கள், கேட்காத வசனத்துக்குச் சிரிக்க மாட்டார்கள். போனின் சொந்த மைக் எட்டடி தள்ளி இருந்தால் அறையின் எதிரொலிதான் பதிவாகும். ஆயிரம் ரூபாய்க்குள் வயர் உள்ள காலர் மைக் கிடைக்கும். போயா எம்1 போன்றவற்றில் வயர் 6 மீட்டர் நீளம், ஹாலுக்குத் தாராளம். அதன் நடுவில் உள்ள சிறு பெட்டியில் போனுக்கா கேமராவுக்கா என்று ஒரு சுவிட்ச் இருக்கும். தப்பான பக்கம் இருந்தால் ஒலி ஒழுங்காக வராது, ஆட்கள் மைக்கையே குறை சொல்வார்கள். உங்கள் போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால் டைப்-சி கனெக்டர் வாங்கவேண்டும். சில கனெக்டர்கள் மைக்கின் ஒலியை உள்ளே விடாது. படப்பிடிப்புக்கு முதல் நாளே சோதியுங்கள்.

இன்னும் எளிய வழி: மைக்கை இன்னொரு போனில் செருகி, வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, அந்த போனை நடிகரின் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். பேசுகிறவர்கள் இருவர், ஆளுக்கு ஒரு போன், ஒரு மைக். பாட்டிக்கு ஒரே வரி என்பதால் அந்த ஷாட்டுக்கு மட்டும் மைக்கை மாற்றிக்கொள்ளலாம். எல்லா போனும் ஏர்ப்ளேன் மோடில். ஒவ்வொரு டேக்கிலும் கேமராவில் தெரியும்படி ஒரு கைத்தட்டல், எடிட்டில் ஒலியைப் பொருத்த அது போதும்.

மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, நெஞ்சின் நடுவில். சட்டைக்குள் மறைக்க மருந்துக்கடை மைக்ரோபோர் டேப். மைக்குக்கு மேலும் கீழும் துணி ஒட்டிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் உரசும். கஞ்சி போட்ட சட்டை, பாலியெஸ்டர் சட்டை இரண்டும் கரகரவென்று உரசும், துவைத்துப் பழகின பருத்தி நல்லது. கட்டம் போட்ட சட்டையில் கட்டம் மிகச் சிறியதாக இருந்தால் வீடியோவில் நெளியும். ஓனர் கையில் காபி டம்ளர் டவரா கொடுக்கப்போகிறீர்களா? வசனத்தின் மேல் 'டங்' என்று விழும். டவராவுக்குள் வட்டமாக வெட்டிய துணி ஒன்றைப் போடுங்கள், அல்லது குடிக்கிற ஷாட்டைத் தனியாக எடுங்கள்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, அதே அறையில் 30 விநாடி வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் வசனங்களுக்கு இடையே ஒலியைச் சுத்தமாக வெட்டினால் காதில் ஓட்டை விழுந்தமாதிரி இருக்கும், அதை அடைக்க இதுதான் சிமெண்ட். பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான். (இதற்குத்தான் ரூம்டோன் என்று பெயர். ஆம், என் பெயர் அதனால்தான்.)

கேமரா பற்றிச் சுருக்கமாக. நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 விநாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் அதற்கேற்ப மினுங்கும். போன் தானாகவே 30 ஃபிரேம், 1/60 என்று எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். எடிட்டில் இதைச் சரிசெய்வது நாய் வாலை நிமிர்த்துவது போல. ஓப்பன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா இரண்டும் இலவசச் செயலிகள், உங்கள் போன் இடம் கொடுத்தால் ஷட்டர், ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டிவிடலாம். பூட்டாவிட்டால் ஓனர் எழுந்து ஜன்னல் பக்கம் போகும்போது அவர் முகம் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும். வெளிச்சத்துக்கு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட்டை நிறுத்தினால் போதும்.

மாடிப்படி:

பேப்பர்கட்டு சார், ரூம்டோன் சார், இருவருக்கும் நன்றி. பாட்டி முடிவு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். ஷாட் எப்படிப் பிரிப்பது? ஒத்திகையில் யார் பேசுகிறாரோ அவருடைய குளோசப் என்று எடுத்தேன். டென்னிஸ் மேட்ச் மாதிரி இருந்தது.

கத்தரி:

டென்னிஸ் மேட்சில்கூடப் பந்தை வாங்குகிறவரைத்தான் பார்க்கிறோம். காமெடியில் பேசுகிறவர் முகத்தைவிடக் கேட்கிறவர் முகம் முக்கியம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள், பாலையாவின் முகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும்.

எடுக்கும் வரிசை: முதலில் மூவரும் தெரியும் அகலமான ஷாட், முழுக்காட்சியும் நிறுத்தாமல், மூன்று டேக். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதால் நேரமாக ஆக நிழல் நகரும், அகல ஷாட்டில்தான் அது பளிச்சென்று தெரியும். அதனால் அதை முதலில் முடித்துவிடவேண்டும். பிறகு பையன் முகம் முழுக்காட்சிக்கும், ஓனர் முகம் முழுக்காட்சிக்கும். கேமரா எப்போதும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கம். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல ஆகிவிடும்.

இதற்குப் பிறகு எல்லோரும் பையைக் கட்டத் தொடங்குவார்கள். விடாதீர்கள். ஒவ்வொருவர் முகத்திலும் 15 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ஷாட், இரண்டு மூன்று. கண் மட்டும் பையின் பக்கம் போய்த் திரும்புவது ஒன்று. பாட்டியின் மூக்கு ஒருமுறை லேசாக அசைவது ஒன்று (இது படத்தின் நடுவில் எங்காவது ஒரு விநாடி வரவேண்டும், கடைசிக் கேள்விக்கு விதை). எடிட்டில் காட்சி எங்கே தொய்கிறதோ அங்கே இவைதான் காப்பாற்றும்.

குளோசப் எடுக்கும்போது ஒருவர் வசனத்தின் மேல் மற்றவர் பேசக்கூடாது, அரை விநாடி இடைவெளி விடச் சொல்லுங்கள். நடிகர்களுக்கு இது செயற்கையாகத் தோன்றும். ஆனால் பையன் முகத்தில் ஓனரின் குரல் ஏறிவிட்டால் அந்த இடத்தை உங்களால் வெட்டவே முடியாது. இருவரும் மோதிப் பேசும் வேகத்தை எடிட்டில் உண்டாக்கிக்கொள்ளலாம். அகல ஷாட்டில் மட்டும் இஷ்டம்போல மோதட்டும்.

4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிடுங்கள் (4கே நீளத்திலும் அகலத்திலும் 1080-ஐப்போல இரண்டு மடங்கு). அகல ஷாட்டையே இரண்டு மடங்குவரை பெரிதாக்கி இன்னொரு ஷாட்டாக வைத்துக்கொள்ள இடம் இருக்கும். இடம் என்றால் போனிலும் வேண்டும்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 400 எம்.பி. போகும், 40 ஜி.பி.யைக் காலி செய்துவிட்டு வாருங்கள்.

போன் எடுக்கும் வீடியோவில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது, கொஞ்சம் ஏறி இறங்கும். தனியாகப் பதிந்த ஒலியைக் கைத்தட்டலில் பொருத்தினாலும் இரண்டாவது நிமிடத்தில் உதடு விலகும். எடிட் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லா ஃபைலையும் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிவிடுங்கள். எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு உங்கள் வேலைக்கு மிகையாகவே போதும்.

வெட்டுவதில் புதியவர்கள் செய்யும் தவறு, பஞ்ச் சொல் (சிரிப்பு வரவேண்டிய சொல்) முடிந்த ஃபிரேமிலேயே வெட்டுவது. 'கேக்கு வந்த டப்பாகூட' முடிந்து பையன் முகத்துக்குப் போனபின், அந்த முகம் 15 முதல் 20 ஃபிரேம் சும்மா இருக்கட்டும். சிரிப்பு வருவது அந்த முக்கால் விநாடியில்தான். பஞ்சுக்கு முன்னால் உள்ள மூச்சு, 'அது வந்து', தலை சொறிவது எல்லாவற்றையும் இரக்கமில்லாமல் எடுத்துவிடுங்கள்.

பேப்பர்கட்டோடு ஒரு சின்ன மாறுபாடு. பாட்டி 'நெத்திலியா, வாளையா?' என்று கேட்கும்போது கேமரா அவர் மேல் இருக்கக்கூடாது. ஓனர் முகத்தில் இருக்கட்டும், குரல் மட்டும் பின்னாலிருந்து. ஓனர் மெதுவாகத் திரும்புகிறார், கட், பெயர்கள். பாட்டியைக் காட்டினால் அவர் சிரிப்பார், பார்ப்பவர் சிரிக்கமாட்டார்.

பின்னணி இசை கூடியவரை வேண்டாம். 'டொய்ங்' சத்தம் அறவே வேண்டாம், ஜோக்குக்குப் பக்கத்தில் ஆள் நின்று 'இங்கே சிரிக்கவும்' என்று போர்டு பிடிப்பதுபோல் இருக்கும். சினிமாப் பாட்டின் இசையை நாலு விநாடி போட்டாலும் யூடியூப் கண்டுபிடித்து உரிமை கோரல் அனுப்பலாம். வேண்டுமானால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் எடுங்கள்.

முடிந்ததும் கதை தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். பின்னால் நின்று, எந்த விநாடியில் சிரிக்கிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கினால் அங்கே அரை விநாடி கூட்டவேண்டும். ஹாலில் பத்துப் பேராகப் பார்ப்பதற்கு அது சரி. ஒருவர் தனியாக போனில் பார்க்கும்போது அதே இடைவெளி வெற்றிடமாகத் தெரியும். முடிந்தால் இரண்டு பதிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அரைப்பக்கம்:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. வசனத்தை அப்படியே கதைக்குக் கொண்டுபோகாதீர்கள். படத்துக்கு எது கஷ்டமோ அது கதைக்கு எளிது. வாடையை ஒரே வரியில் எழுதிவிடலாம். முகத்தை 20 ஃபிரேம் பிடித்துவைப்பதுதான் எழுத்தில் முடியாது, 'ஓனர் அதிர்ந்துபோய் முழித்தார்' என்று எழுதினால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அந்த இடைவெளியைக் கதையில் கொடுப்பது வாக்கியத்தின் நீளம். நீளமாக மூச்சுவிடாமல் போகும் ஒரு வாக்கியம், அடுத்து மூன்று சொல்லில் ஒன்று, பத்தி முடிகிறது. பத்திக்கும் பத்திக்கும் நடுவில் உள்ள வெள்ளைத் தாள்தான், கேட்கிறவர் முகத்தைக் காட்டும் உங்கள் ரியாக்‌ஷன் ஷாட்.

யார் சொல்வது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். பையன் சொன்னால் தன் பொய்களை நியாயப்படுத்தும் கதையாகும், பரவாயில்லை. நான் ஓனரையே சொல்லவைப்பேன். தன்னைப் பெரிய மோப்பக்காரன் என்று நினைக்கிற ஆள், ஒவ்வொரு தடயத்தையும் பார்த்துத் தவறான முடிவுக்கு வருகிறான். 'பையன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. பையை மடியைவிட்டு இறக்கவில்லை. சான்றிதழ்கள் இருக்கும்.' சொல்கிறவனுக்குத் தெரியாதது படிப்பவருக்குத் தெரிகிறது, படத்தில் முதல் 20 விநாடி செய்த வேலையை இங்கே இது செய்யும். ஓனர் ஒரு இடத்தில்கூட வேடிக்கையாகப் பேசக்கூடாது. ஆச்சரியக்குறியைப் போடும் சாவியைக் கீபோர்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று, தமிழில் எழுதுவதால் மட்டும் கிடைக்கும் சொத்து. வாசனை, வாசம், மணம், வாடை, கவிச்சி, நாற்றம் என்று ஒரு மூக்குக்கு இத்தனை சொல். ஓனர் 'துர்க்கந்தம்' என்பார், மனைவி 'வாடை' என்பார், வேலைக்கார அம்மா நேராக 'கவிச்சி' என்று போட்டு உடைத்துவிடுவார். நாற்றம் என்ற சொல் பழைய தமிழில் நறுமணத்தைக் குறித்தது, குறள் 1274-இல் மொட்டுக்குள் இருக்கும் நாற்றம் வாசனைதான். பையன் தமிழ் இலக்கியம் படித்தவனாக இருந்தால், 'ஏதோ நாத்தம் வருதே' என்று ஓனர் சொல்லும்போது இந்தக் குறளைப் பொருளோடு ஒப்பிக்கலாம். கதையில் இது நிற்கும். படத்தில் வைக்காதீர்கள், விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஊதுபத்தி அணைந்துவிடும்.

நீளம் 1000 முதல் 1200 சொல். முதல் 100 சொல்லுக்குள் போர்டும் பையும் வந்துவிடவேண்டும். எழுதி ஒருநாள் கழித்து உரக்கப் படியுங்கள், நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே ஜோக் விழுந்திருக்காது.

மாடிப்படி:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், ரொம்ப நன்றி. கடைசியாக இரண்டு: படப்பிடிப்புக்கு நிஜக் கருவாடே வேண்டுமா? சமையலறை ஃப்ரிட்ஜ் சத்தம் ஹாலுக்குக் கேட்கிறது, என்ன செய்வது?

ரூம்டோன்:

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு உங்கள் பைக் சாவியை அதற்குள் போட்டுவையுங்கள். மறுபடி போடாமல் கிளம்ப முடியாது.

கருவாடு: மூடிய பொட்டலத்துக்கு அட்டைத் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றினால் போதும், கனத்துக்கு ஒரு கைப்பிடி அரிசி. பிரிக்கும் ஷாட்டுக்கு மட்டும் 50 கிராம் நிஜ நெத்திலி. அதை நாளின் கடைசி ஷாட்டாக வையுங்கள், காலையிலேயே பிரித்தால் மூடிய ஹாலில், ஃபேனும் இல்லாமல், பாட்டியாக நடிப்பவர் மதியத்துக்கு மேல் இருக்கமாட்டார். லொக்கேஷன் வாடகை வீடா? அப்படியானால் அந்த வீட்டு ஓனரிடம் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.